ஜீன் ஆன்டாலஜி தரவுத்தளம்: எதை நம்பலாம், எங்கே இடறும்

எந்த மரபணு எவ்வளவு வெளிப்படுகிறது என்று அளக்கும் ஆர்.என்.ஏ. சீக்வென்சிங் முடிந்து, நோயுற்ற திசுவில் அளவு கூடியும் குறைந்தும் போன 300 மரபணுக்களின் பட்டியல் கைக்கு வந்துவிட்டது. இவையெல்லாம் சேர்ந்து என்ன வேலை பார்க்கின்றன? ஒவ்வொரு மரபணுவுக்கும் கட்டுரை தேடிப் படித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். உலகெங்கும் ஆய்வாளர்கள் இந்த இடத்தில் திறப்பது ஜீன் ஆன்டாலஜி என்ற பொதுத் தரவுத்தளத்தை. சுருக்கமாக ஜி.ஓ. கட்டணம் இல்லை, பதிவு செய்யவும் வேண்டாம். கிரியேட்டிவ் காமன்ஸ் பி.ஒய். 4.0 உரிமம் என்பதால், எங்கிருந்து எடுத்தது என்று குறிப்பிட்டுவிட்டு வணிக நிறுவனம்கூட இதைப் பயன்படுத்தலாம்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். மரபணுக்களின் பணியைக் கணினிக்குப் புரியும்படி எழுதிவைத்திருக்கும் பொதுச் சொத்துகளில் இதற்கு இணை கிடையாது. ஆனால் இதை வைத்து வெளியாகும் முடிவுகளில் நிறைய பிசகுகின்றன. பிசகுவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: பின்னணிப் பட்டியலைக் கவனிக்காதது, தரவின் தேதியைப் பார்க்காதது, சான்றுக் குறியீட்டைப் படிக்காதது. இந்த மூன்றையும் கவனிக்கத் தெரிந்தவர் கையில் இது அருமையான கருவி. தெரியாதவருக்கு இது எதைக் கொடுத்தாலும் ஒரு அழகான பட்டை வரைபடத்தைத் திருப்பித் தரும். ஆபத்து அங்கேதான்.

உள்ளே என்ன இருக்கிறது

1998இல் பழ ஈ, சுண்டெலி, ரொட்டி ஈஸ்ட் ஆகிய மூன்று உயிரினங்களின் தரவுத்தளக் குழுக்கள் சேர்ந்து தொடங்கியது இது. அதற்கு முன் ஒரே வேலையைச் செய்யும் புரதத்துக்கு ஈ ஆய்வாளர் ஒரு சொல்லும் ஈஸ்ட் ஆய்வாளர் வேறொரு சொல்லும் எழுதிவைப்பார்கள். மனிதர் அதைப் படித்துப் புரிந்துகொள்வார், கணினிக்கு முடியாது. ஆகவே எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான ஒரு சொற்களஞ்சியம் வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். 2000ஆம் ஆண்டு நேச்சர் ஜெனெடிக்ஸ் இதழில் முதல் கட்டுரை வந்தது. பிறகு மீன், புழு, தாவரத் தரவுத்தளங்களும் யூனிப்ராட் என்ற புரதத் தரவுத்தளக் குழுவும் இணைந்தன.

இதை இரண்டு தனித்தனிப் பொருள்களாகப் பார்ப்பது அவசியம். ஒன்று, சொற்களஞ்சியம். சுமார் 40,000 கலைச்சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஏழு இலக்க எண், வரையறை, மற்ற சொற்களோடு உள்ள உறவு. இன்னொன்று, அனோட்டேஷன். அதாவது 'இந்த மரபணுவுக்கு இந்தச் சொல் பொருந்தும், இன்ன கட்டுரையில் இன்ன வகைச் சான்று இருக்கிறது' என்ற வரிகள். சொற்களஞ்சியம் மாறாமல் அனோட்டேஷன் மட்டும் மாறலாம். மறுதலையாகவும் நடக்கும்.

சொற்கள் மூன்று கிளைகளாகப் பிரிகின்றன. மூலக்கூறு அளவில் புரதம் செய்யும் செயல் முதல் கிளை, அதன் வேர் எண் 0003674. அந்தச் செயல்கள் கூடி நடத்தும் உயிரியல் நிகழ்வு இரண்டாவது, 0008150. அது செல்லில் எங்கே நடக்கிறது என்ற இருப்பிடம் மூன்றாவது, 0005575. சைட்டோகுரோம் சி புரதத்தை எடுத்துக்கொண்டால் எலக்ட்ரானைக் கடத்துவது அதன் மூலக்கூறு செயல், ஆக்சிஜனேற்றப் பாஸ்பரிலாக்கம் அது பங்கேற்கும் நிகழ்வு, மைட்டோகாண்ட்ரியாவின் இரு சவ்வுகளுக்கு நடுவிலுள்ள இடைவெளி அதன் இருப்பிடம். 'சைட்டோகுரோம் சி' என்ற பெயரே சொற்களஞ்சியத்தில் ஒரு சொல்லாக இராது. பண்புகள் மட்டும்தான் இருக்கும், பொருள்கள் இரா.

நோய்களும் இங்கே கிடையா. 'புற்றுநோய் உருவாதல்' என்று தேடினால் சொல் கிடைக்காது, ஏனென்றால் மரபணுவின் இயல்பான பணியை மட்டுமே ஜி.ஓ. பதிகிறது. நோய்க்கும் நோய்க்குறிக்கும் ஹியூமன் ஃபீனோடைப் ஆன்டாலஜி, ஓமிம் போன்றவை தனியாக இருக்கின்றன. மருத்துவத் துறையிலிருந்து புதிதாக வருபவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது.

சொற்கள் மரம்போல் கிளைத்தாலும் இது மரமல்ல, ஒரு சொல்லுக்குப் பல பெற்றோர் இருக்கலாம். அபோப்டோசிஸ் நிகழ்வு (0006915) திட்டமிட்ட செல் மரணத்தின் (0012501) ஒரு வகை, அது செல் மரணத்தின் (0008219) ஒரு வகை. ஆக, ஒரு மரபணுவுக்கு அபோப்டோசிஸ் என்று எழுதினால் மேலுள்ள எல்லாச் சொற்களும் தாமாகவே பொருந்தும். இப்படி மேலே ஏற்றிக் கணக்கிடுவதுதான் ஜி.ஓ.வின் அடிப்படை. 'ஒரு வகை', 'ஒரு பகுதி' என்ற உறவுகளோடு 'கட்டுப்படுத்துகிறது', 'தூண்டுகிறது', 'அடக்குகிறது' என்ற உறவுகளும் உண்டு. இங்கே கவனம் தேவை. அபோப்டோசிஸைக் கட்டுப்படுத்தும் மரபணு அபோப்டோசிஸ் நடத்தும் மரபணு அல்ல. எந்த உறவுகள் வழியாக மேலே ஏற்றுவது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபடும். இரண்டு கருவிகளில் ஒரே சொல்லுக்கு வேறுவேறு மரபணு எண்ணிக்கை வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சொற்களஞ்சியக் கோப்பு பல வடிவங்களில் கிடைக்கிறது. சாதாரண வேலைக்கு 'பேசிக்' என்று பெயருள்ள கோப்பே போதும். அதில் சுழற்சி இல்லை, அனோட்டேஷன்களைப் பாதுகாப்பாக மேலே ஏற்றக்கூடிய உறவுகள் மட்டுமே இருக்கும். முழுக் கோப்பை இறக்கிவிட்டு, அதிலுள்ள 'இதைப் பகுதியாகக் கொண்டது' என்ற உறவையும் சேர்த்து மேலே ஏற்றினால் பொருந்தாத சொற்கள் மரபணுக்களின் தலையில் வந்து உட்காரும். பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் தவறாக இருக்கும்.

அனோட்டேஷன் கோப்பைப் படிக்கும் விதம்

இந்தத் தரவுத்தளத்தின் உண்மையான மதிப்பு இந்தக் கோப்பில்தான் இருக்கிறது. வருத்தம் என்னவென்றால் பயன்படுத்துவோரில் பலர் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. மனிதனுக்கு, சுண்டெலிக்கு, ஈஸ்டுக்கு என்று உயிரினவாரியாகக் கிடைக்கும். டேப் பிரித்த சாதாரண எழுத்துக் கோப்பு, சுருக்கி வைத்திருப்பார்கள். ஆச்சரியக்குறியில் தொடங்கும் வரிகள் தலைப்புத் தகவல். அவற்றைத் தாண்டுமுன் வடிவப் பதிப்பு 2.2 என்றிருக்கிறதா, உருவாக்கிய தேதி என்ன என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வரியிலும் 17 நெடுவரிசைகள்.

இரண்டாவது நெடுவரிசை மரபணுப் பொருளின் அடையாள எண், மூன்றாவது அதன் குறியீட்டுப் பெயர், ஐந்தாவது ஜி.ஓ. எண், ஆறாவது ஆதாரக் கட்டுரை, ஏழாவது சான்றுக் குறியீடு, ஒன்பதாவது கிளை, பதினான்காவது தேதி, பதினைந்தாவது எழுதிய குழு. நான்காவதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மரபணுவுக்கும் சொல்லுக்கும் என்ன உறவு என்பது அங்கே இருக்கும். 'பங்கேற்கிறது', 'நிகழ்த்துகிறது', 'அமைந்துள்ளது' என்பது போல. சில வரிகளில் அதற்கு முன் 'நாட்' என்ற மறுப்புச் சொல் நிற்கும். இந்தப் புரதம் இந்த வேலையைச் செய்யாது என்று சோதித்துக் கண்டறிந்தார்கள் என்பது அதன் பொருள். சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் நான்காவது நெடுவரிசையைப் படிக்காமல் விட்டால் மறுப்பு அப்படியே உறுதிமொழியாக மாறிவிடும். இத்தகைய வரிகள் எண்ணிக்கையில் குறைவு, அதனால் சோதனை ஓட்டத்தில் கண்ணில் படாது. இன்னொன்று: சாதாரண அனோட்டேஷன் மேல்நோக்கி ஏறும், மறுப்போ கீழ்நோக்கி இறங்கும். புரதக் கைனேஸ் செயல் இல்லை என்றால் அதன் எந்த உட்பிரிவும் இல்லை. ஆனால் பொதுவான வினையூக்கச் செயலே இல்லை என்று ஆகாது.

வரிகளை எண்ணி 'இவ்வளவு மரபணுக்கள்' என்று சொல்லக் கூடாது. ஒரே மரபணுவும் ஒரே சொல்லும் வெவ்வேறு கட்டுரைகளிலிருந்து ஐந்தாறு முறை வரலாம். மரபணு, சொல் என்ற இணையைத் தனித்துவமாக்கிய பிறகே எண்ண வேண்டும். கோப்பிலிருப்பவை நேரடி அனோட்டேஷன்கள் மட்டும் என்பதையும் மறக்கக் கூடாது. மேலே ஏற்றும் வேலை பயனருடையது. ஆர் என்ற புள்ளியியல் நிரல்மொழியில், பயோகண்டக்டர் என்ற உயிரியல் மென்பொருள் களஞ்சியத்திலுள்ள மனித மரபணுத் தொகுப்பைப் பயன்படுத்தினால் 'கோ' என்ற புலம் நேரடி அனோட்டேஷனையும், 'கோ-ஆல்' என்ற புலம் மேலே ஏற்றியதையும் கொடுக்கும். முதல் புலத்தை எடுத்துவிட்டு 'அபோப்டோசிஸில் இவ்வளவு மரபணுக்கள்தானா' என்று வியப்பது அடிக்கடி நடக்கும் தவறு.

சான்றுக் குறியீடுகள்

இருபதுக்கும் மேற்பட்ட குறியீடுகள் இருந்தாலும் ஐந்தாறு வகைகளாகப் பிரித்துவிடலாம். ஆய்வகச் சோதனையில் நேரடியாகக் கண்டது ஐ.டி.ஏ., மரபணுவைச் சிதைத்துப் பார்த்துக் கண்டது ஐ.எம்.பி., மரபணுக்களின் ஊடாட்டத்தில் கண்டது ஐ.ஜி.ஐ., புரத ஊடாட்டத்தில் கண்டது ஐ.பி.ஐ. ஆயிரக்கணக்கில் ஒரே மூச்சில் செய்த பெருஞ்சோதனைகளுக்கு 'ஹெச்' எழுத்தில் தொடங்கும் தனிக் குறியீடுகள் உண்டு. அவற்றைத் தனியாக வைத்திருப்பது மிக நல்ல ஏற்பாடு. ஒரே ஒரு பெரிய சோதனையின் பிழை உங்கள் முடிவு முழுவதையும் சாய்த்துவிட முடியும் என்பதால், தேவைப்பட்டால் அவற்றை மட்டும் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டிப் பார்க்கலாம்.

ஐ.இ.பி. என்பது மரபணு வெளிப்பாட்டு முறையை வைத்து ஊகித்தது. வெளிப்பாட்டுத் தரவை ஆராய்கிறவர் இந்தக் குறியீட்டைச் சேர்த்துக்கொண்டால், வெளிப்பாட்டை வைத்து எழுதியதை வெளிப்பாட்டைக் கொண்டே 'கண்டுபிடித்ததாக' ஆகும். சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கும் தர்க்கம். இத்தகைய ஆய்வுகளில் அதை நீக்கிவிடுவது நல்லது.

ஐ.இ.ஏ. என்பது மனிதர் தனித்தனியே சரிபார்க்காமல் கணினி எழுதியது. புரதக் களங்கள், நொதி எண்கள், யூனிப்ராட் குறிச்சொற்கள், ஓர்த்தோலாக் (வெவ்வேறு உயிரினங்களில் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்த இணை மரபணுக்கள்) உறவுகள் ஆகியவற்றை ஜி.ஓ. சொற்களோடு பொருத்தும் விதிகளிலிருந்து வருவது. எல்லா உயிரினங்களையும் சேர்த்துப் பார்த்தால் அனோட்டேஷன்களில் மிகப் பெரும்பான்மை இதுதான். 'ஐ.இ.ஏ. குப்பை' என்று ஒட்டுமொத்தமாகத் தள்ளும் பழக்கம் பலருக்கு உண்டு. அதை ஏற்க முடியவில்லை. இவற்றின் நம்பகத்தன்மை, சோதனை அல்லாத பிற வழிகளில் மனிதர் எழுதிய அனோட்டேஷன்களுக்குக் குறைந்ததல்ல என்று 2012இல் வெளிவந்த ஒரு மதிப்பீடு காட்டியது. உண்மையான குறை பொதுத்தன்மை: மேல்நிலைச் சொற்களோடு நின்றுவிடும். மனிதன், சுண்டெலி, ஈஸ்ட் ஆகியவற்றில் ஐ.இ.ஏ.வை நீக்கிவிட்டும் வேலை நடக்கும். மாதிரி உயிரினங்கள் அல்லாத பயிர்களிலும் கால்நடைகளிலும் அதை நீக்கினால் கையில் ஏறக்குறைய எதுவும் மிஞ்சாது.

ஐ.பி.ஏ. குறியீட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அண்மைக் காலத்தில் இந்தத் தளத்தின் தரத்தைப் பெரிதும் உயர்த்தியது இதுதான். பாந்தர் தளத்தின் மரபணுக் குடும்ப மரங்களை வைத்துக்கொண்டு, எந்த மூதாதையில் ஒரு பணி தோன்றியது, எந்தக் கிளையில் இழக்கப்பட்டது என்று நிபுணர்கள் கைப்படக் குறிக்கிறார்கள். அங்கிருந்து இன்றுள்ள மரபணுக்களுக்கு அது இறங்கிவருகிறது. வெறும் வரிசை ஒற்றுமையை வைத்து ஊகிப்பதைவிட இது பல மடங்கு கவனமான வேலை. இப்படி எல்லா மனிதப் புரத மரபணுக்களையும் பரிசீலித்து முடித்த தொகுப்பு 2025இல் நேச்சர் இதழில் வெளியானது. 1,75,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளின் சோதனை முடிவுகள் பின்புலமாக நிற்க, 68,667 பணிகள் பதிவாகி, மனிதப் புரத மரபணுக்களில் சுமார் 82 சதவீதம் உள்ளடங்கின. மீதிக்கு இந்தக் குடும்ப மரங்கள் எந்தப் பணியையும் தரவில்லை. 'இல்லை' என்று இடைவெளியைக் காட்டும் நேர்மையை இந்தத் தளத்தில் மிகவும் மதிக்கிறோம்.

அந்த நேர்மையின் இன்னொரு வடிவம் என்.டி. குறியீடு. தேடிப் பார்த்தோம், தகவல் கிடைக்கவில்லை என்று பொருள். அப்போது மரபணுவை வேர்ச்சொல்லோடு இணைத்துவைப்பார்கள். ஒரு மரபணுவுக்கு அனோட்டேஷனே இல்லாதது வேறு, தேடியும் ஒன்றும் கிடைக்காதது வேறு. இரண்டிலும் 'இந்த வேலையைச் செய்யாது' என்ற முடிவுக்கு வர இடமில்லை.

ஒரு எச்சரிக்கை. 'புரதப் பிணைப்பு' (0005515) என்ற சொல் கணக்கற்ற மரபணுக்களுக்கு ஒட்டியிருக்கும். புரதம் இன்னொரு புரதத்தோடு ஒட்டும் என்பதில் புதிதாக எதுவும் இல்லை. முடிவுப் பட்டியலில் அது முதலிடத்தில் வந்தால் அதைக் கண்டுபிடிப்பாக எழுதாதீர்கள்.

உயிரினக் கட்டுப்பாடும் பாராட்டத்தக்கது. பால்சுரத்தல் என்ற சொல் பாலூட்டிகளுக்கு மட்டுமே என்று விதி எழுதிவைத்திருக்கிறார்கள், ஆகவே ஓர்த்தோலாக் வழியாகக் கோழிக்குப் பால்சுரப்பு போய்ச் சேராது. இது இல்லாத பழைய தரவுகளிலும் சிறு உயிரினங்களுக்கு யாரோ தனியாகச் செய்து வைத்த கோப்புகளிலும் இத்தகைய விநோதங்கள் இன்னும் கிடைக்கும்.

என்ரிச்மென்ட் பக்கம்

ஒரு சொல்லுக்குரிய மரபணுக்கள் உங்கள் பட்டியலில் தற்செயலாக எதிர்பார்ப்பதைவிட அதிகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என்ரிச்மென்ட். அதற்கு ஜி.ஓ. முகப்புப் பக்கத்திலேயே பெட்டி இருக்கிறது. மரபணுப் பட்டியலை ஒட்டி, மூன்று கிளைகளில் ஒன்றையும் உயிரினத்தையும் தேர்ந்து, பொத்தானை அழுத்தினால் பாந்தர் தளத்துக்குக் கொண்டுபோய் விடை காட்டும். வேகமும் எளிமையும் குறை சொல்ல முடியாதவை. ஆனால் முதல் விடையை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பக்கத்தின் மேற்பகுதியில் இருப்பவற்றை வரிசையாகப் பாருங்கள்.

அனோட்டேஷன் பதிப்பும் வெளியீட்டுத் தேதியும் அங்கே அச்சாகியிருக்கும். அதை உடனே குறித்துக்கொள்ளுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. அடுத்து, எத்தனை பெயர்கள் பொருந்தின, எத்தனை பொருந்தவில்லை என்ற எண்ணிக்கை. பொருந்தாதவை கணிசமாக இருந்தால் பட்டியலில்தான் கோளாறு. பிறகு தரவுத் தொகுதி: 'கம்ப்ளீட்' என்றிருந்தால் முழுச் சொற்களஞ்சியம், 'ஸ்லிம்' என்றிருந்தால் சுருக்கப் பதிப்பு. கடைசியாக, மிக முக்கியமாக, பின்னணிப் பட்டியல், அதாவது உங்கள் பட்டியலை எந்த மரபணுக்களோடு ஒப்பிடுவது என்பது. ஒன்றும் செய்யாவிட்டால் அந்த உயிரினத்தின் எல்லா மரபணுக்களையும் அது பின்னணியாக எடுத்துக்கொள்ளும். 'மாற்று' என்ற இணைப்பை அழுத்தி உங்கள் சொந்தப் பட்டியலை ஏற்றி மறுபடி ஓட்டுங்கள்.

ஏன் இவ்வளவு வற்புறுத்தல்? உதாரணத்துக்கு ஒரு கணக்கு. மொத்தம் 20,000 மரபணுக்கள், ஒரு சொல்லின்கீழ் 400, உங்கள் பட்டியலில் 300. தற்செயலாக எதிர்பார்க்க வேண்டியது 300ஐ 400ஆல் பெருக்கி 20,000ஆல் வகுத்தால் 6. உங்களிடம் 20 இருக்கிறது, மூன்று மடங்குக்கு மேல், பிரமாதம். ஆனால் நீங்கள் ஆராய்ந்தது கல்லீரல் திசு என்று வைத்துக்கொள்வோம். அங்கே அளக்கும் அளவுக்கு வெளிப்பட்டவை 11,000 மரபணுக்கள்தான், அந்தச் சொல் கல்லீரல் வேலையைக் குறிப்பதால் அதன் 400இல் 380 அந்த 11,000க்குள் இருக்கின்றன. இப்போது எதிர்பார்ப்பு 10.4. அதே 20 இரண்டு மடங்கைக்கூட எட்டவில்லை. ஆயிரக்கணக்கான சொற்களை ஒருசேரச் சோதிப்பதற்கான திருத்தத்தைப் போட்டால் இது நிற்பது கடினம். முதல் கணக்கு உண்மையில் கண்டுபிடித்தது 'கல்லீரல் திசுவில் கல்லீரல் மரபணுக்கள் இருக்கின்றன' என்பதை.

இது அபூர்வமான பிழை என்று நினைக்க வேண்டாம். வெளியான கட்டுரைகளின் மாதிரியை எடுத்துப் பார்த்த 2022ஆம் ஆண்டு ஆய்வில், இவ்வகைச் சோதனைகளில் 95 சதவீதம் தகுந்த பின்னணிப் பட்டியலைப் பயன்படுத்தவில்லை அல்லது எதைப் பயன்படுத்தியது என்று எழுதவில்லை. பல்சோதனைத் திருத்தத்தையே 43 சதவீதம் செய்யவில்லை. நோயாளிகளின் திசுவை வைத்துச் செய்த உழைப்பு இந்த ஒரு படியில் வீணாகிறது என்பது நெஞ்சைச் சுடும் செய்தி.

பின்னணியில் எதைப் போடுவது? உங்கள் சோதனையில் பட்டியலுக்குள் வர வாய்ப்பிருந்த எல்லா மரபணுக்களையும். ஆர்.என்.ஏ. சீக்வென்சிங்கில், குறைந்த எண்ணிக்கை வடிகட்டலுக்குப் பின் புள்ளியியல் சோதனைக்குப் போனவை. புரோட்டியோமிக்ஸில், கருவி கண்டறிந்த புரதங்கள். தேர்ந்தெடுத்த சில மரபணுக்களை மட்டும் அளக்கும் இலக்குப் பேனலில், பேனலில் இருப்பவை மட்டும். 500 மரபணுக்களே உள்ள புற்றுநோய்ப் பேனலை முழு மரபணுத்தொகையோடு ஒப்பிட்டால் விடையில் புற்றுநோய்தான் வரும். நீளமான மரபணுக்களுக்கு சீக்வென்சிங்கில் படிக்கப்படும் துணுக்குகள் அதிகம் விழுவதால் அவை பட்டியலில் நுழைவது எளிது, அதைச் சரிக்கட்ட கோசெக் என்ற ஆர் தொகுப்பு இருக்கிறது. டி.என்.ஏ.வில் மெத்தில் குறிகளை அளக்கும் மெத்திலேஷன் சிப்களில் மரபணுவுக்கு மரபணு ஆய்வுப் புள்ளிகளின் எண்ணிக்கை மாறுபடுவதால் அதே தொந்தரவு இன்னும் மோசமாக வரும்.

கிளஸ்டர்புரொஃபைலர் என்ற ஆர் தொகுப்பு வழியாகச் செய்கிறவர்களுக்கு: அதன் ஜி.ஓ. கட்டளை ஒன்றும் குறிப்பிடாவிட்டால் மூலக்கூறு செயல் கிளையைத்தான் எடுக்கும், உயிரியல் நிகழ்வை அல்ல. பின்னணியைத் தனியாகக் கொடுக்காவிட்டால் தொகுப்பில் அனோட்டேஷன் உள்ள எல்லா மரபணுக்களும் பின்னணியாகும். 10க்குக் குறைவான, 500க்கு அதிகமான மரபணுக்கள் கொண்ட சொற்களைச் சோதிக்காது. 'எதிர்பார்த்த சொல் வரவில்லையே' என்று குழம்புமுன் அதன் அளவைப் பாருங்கள்.

தேதியின் விளையாட்டு

ஜி.ஓ. ஏறக்குறைய மாதந்தோறும் புதிய வெளியீடு தருகிறது. ஒவ்வொன்றும் டி.ஓ.ஐ. என்ற நிலையான அடையாள எண்ணோடு ஜெனோடோ என்ற பொதுக் காப்பகத்தில் சேமிக்கப்படுகிறது, பழைய வெளியீடுகளுக்குத் தனிக் காப்பகமும் உண்டு. பத்தாண்டுக்கு முந்தைய ஆய்வை அதே தரவில் மறுபடி ஓட்டிப் பார்க்க முடியும் என்பது எல்லாத் தரவுத்தளங்களும் தரும் வசதி அல்ல.

சிக்கல் இடையில் நிற்கும் கருவிகளில். அவை தரவை எப்போது இழுத்துக்கொண்டன என்பது வேறு கதை. புகழ்பெற்ற டேவிட் என்ற என்ரிச்மென்ட் கருவி 2010க்குப் பின் 2016 வரை புதுப்பிக்கப்படவில்லை. அந்தக் காலத்துக் கட்டுரைகளை ஆராய்ந்த ஒரு கணிப்பு, 2015இல் வெளியான சுமார் 3,900 கட்டுரைகளில் 67 சதவீதம் காலாவதியான மென்பொருளைக் குறிப்பிட்டதாகவும், புதிய தரவில் கிடைக்கும் நிகழ்வுகளில் 26 சதவீதத்தை மட்டுமே அது பிடித்ததாகவும் கண்டது. டேவிட் இப்போது மீண்டும் புதுப்பிக்கப்படுகிறது, ஆனால் பாடம் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். பயோகண்டக்டர் ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்கப்படும். ஆய்வகச் சர்வரில் மூன்றாண்டுக்கு முன் நிறுவிய ஆர் இருந்தால், உங்கள் மரபணு அறிவும் மூன்றாண்டுப் பழசு. தொகுப்பின் பெயரைத் தட்டச்சு செய்து என்டர் அழுத்தினால் ஜி.ஓ. தரவின் தேதியைக் காட்டும். பத்து விநாடி வேலை.

சொற்கள் நீக்கப்படுவதும் இணைக்கப்படுவதும் வழக்கம். நீக்கிய சொல்லோடு 'இதனால் மாற்றப்பட்டது' அல்லது 'இதைப் பரிசீலிக்கவும்' என்ற குறிப்பு இருக்கும். முதலாவதைக் கணினி தானாக மாற்றலாம், இரண்டாவதை மனிதர்தான் பார்க்க வேண்டும். இணைந்த சொல்லின் பழைய எண் மாற்று எண்ணாகத் தொடரும். இவற்றைக் கையாளாத நிரல் அந்த எண்களைச் சத்தமில்லாமல் கைவிட்டுவிடும்.

பெயர்ப் பட்டியலே கெடுவது

பட்டியல் எக்செல் வழியாக வந்திருந்தால் முதலில் தேதிகளைத் தேடுங்கள். செப்டின் குடும்ப மரபணுக்களையும் மார்ச் குடும்ப மரபணுக்களையும் எக்செல் செப்டம்பர், மார்ச் மாதத் தேதிகளாக மாற்றிவிடும். இதற்காகவே 2020இல் மனித மரபணுப் பெயரிடல் குழு அந்தப் பெயர்களை மாற்றியது. பழைய கோப்புகளில் பழைய பெயர்கள்தான் இருக்கும். பெயர்களை விட்டுவிட்டு நிலையான எண்களை வைத்துக்கொள்வதே வழி. டி.பி.53 மரபணுவை எடுத்தால் என்ட்ரெஸ் மரபணுத் தரவுத்தளம் தந்த எண் 7157 எந்தக் காலத்திலும் குழப்பம் தராது. என்செம்பிள் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் எண்ணைப் பயன்படுத்தினால் கடைசியில் புள்ளிக்குப் பின் வரும் பதிப்பு எண்ணை வெட்டிவிடுங்கள். பல கருவிகளில் 'எதுவும் பொருந்தவில்லை' என்ற செய்தி வருவதற்கு அந்தப் புள்ளியே காரணமாக இருக்கும்.

விடையில் 80 சொற்கள் வந்து, அதில் பாதி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்வதும் சகஜம். பெற்றோரும் பிள்ளையும் ஒரே மரபணுக்களைப் பகிர்வதால் இப்படி ஆகிறது. ரெவிகோ தளமோ கிளஸ்டர்புரொஃபைலரின் சுருக்கும் கட்டளையோ நெருங்கிய சொற்களைத் தொகுத்துத் தரும். பிந்தையதில் ஒற்றுமை வரம்பு இயல்பாக 0.7. சுருக்கியதைப் படத்துக்கு வையுங்கள், முழுப் பட்டியலைத் துணைக் கோப்பில் கொடுங்கள். படத்துக்குப் பிடித்த ஐந்து சொற்களை மட்டும் கையால் பொறுக்குவது நாணயமான வேலை அல்ல.

மற்றவற்றோடு ஒப்பிட்டால்

கெக் தளத்தின் வழித்தட வரைபடங்கள் அழகானவை, வளர்சிதை மாற்றத்துக்கு மிக உதவும். ஆனால் 2011 முதல் மொத்தத் தரவை இறக்கச் சந்தா கட்ட வேண்டும். ரியாக்டோம் வினைக்கு வினை விவரமாக, கட்டுரை ஆதாரத்தோடு எழுதுகிறது, கட்டணமில்லை, ஆனால் மனிதனை மையமாகக் கொண்டது. மரபணுக் கணங்களின் தரவுத்தளமான எம்சிக்டிபியின் ஹால்மார்க் தொகுப்பில் 50 கணங்கள் மட்டுமே, முதல் பார்வைக்கு மிக ஏற்றது. அதன் சி5 தொகுப்பில் இருப்பவை பெரும்பாலும் ஜி.ஓ.விலிருந்து எடுத்தவைதான், ஆகவே இரண்டிலும் ஒரே விடை வந்தது என்பதை இரண்டு சாட்சிகளாக எண்ணக் கூடாது. வெட்டுப்புள்ளி வைத்துப் பட்டியல் எடுப்பதில் தயக்கம் இருந்தால், எல்லா மரபணுக்களையும் தரவரிசைப்படுத்தி, ஒரு கணத்தின் மரபணுக்கள் வரிசையின் ஒரு முனையில் குவிகின்றனவா என்று பார்க்கும் ஜி.எஸ்.இ.ஏ. முறையில் ஓட்டுங்கள். பின்னணிச் சிக்கலில் பெரும்பகுதி தீரும்.

மரபணுப் பணியைக் கணிக்கும் இயந்திரக் கற்றல் மாதிரி செய்பவர்களுக்கு இரண்டு கட்டாயங்கள். சோதனைத் தொகுதியில் ஐ.இ.ஏ., ஐ.பி.ஏ. இரண்டையும் வைக்காதீர்கள், ஒற்றுமையை வைத்து எழுதியதை ஒற்றுமையை வைத்தே கணித்து வெற்றி என்று அறிவிக்க நேரும். பயிற்சியையும் சோதனையையும் பதினான்காவது நெடுவரிசைத் தேதியால் பிரியுங்கள்.

குறைகள்

அதிகம் ஆராயப்பட்ட மரபணுக்கள் மேலும் மேலும் சொற்களைச் சேர்க்கின்றன, யாரும் தொடாதவை அப்படியே கிடக்கின்றன. டி.பி.53 ஏறக்குறைய எந்தப் பட்டியலுக்கும் ஏதாவது விளக்கம் தந்துவிடும். இதற்குத் தரவுத்தளத்தைக் குறைசொல்ல முடியாது, ஆய்வுலகமே அப்படித்தான். ஆனால் முடிவைப் படிக்கும்போது, ஒரு சொல்லை முன்னுக்குத் தள்ளியவை எந்த மரபணுக்கள் என்று திறந்து பார்ப்பது கட்டாயம். எந்தத் திசுவில், எந்தச் சூழலில் என்ற விவரம் பெரும்பாலான வரிகளில் இல்லை. பதினாறாவது நெடுவரிசை அதற்காகவே இருந்தும் பெரும்பாலும் காலி. புரதங்களின் செயல்களைக் காரண-விளைவாகக் கோக்கும் ஜி.ஓ. கேம் மாதிரிகள் அந்தக் குறையைத் தீர்க்க வந்தவை. படிக்க மிக நன்றாக இருக்கின்றன, ஆனால் என்ரிச்மென்ட் செய்யும் சாதாரணக் கருவிகள் இன்னும் அவற்றைத் தொடுவதில்லை.

தவறான வரி கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். கிட்ஹப்பில் சொற்களஞ்சியத்துக்கு ஒன்று, அனோட்டேஷனுக்கு ஒன்று எனத் தனித்தனிப் புகார்ப் பெட்டிகள் உள்ளன. முதலில் பதினைந்தாவது நெடுவரிசையில் எழுதிய குழு எது என்று பாருங்கள். புரதத்தின் யூனிப்ராட் எண், ஜி.ஓ. எண், சான்றுக் குறியீடு, ஆதாரக் கட்டுரையின் பப்மெட் எண், அந்தக் கட்டுரையின் எந்தப் படம் எதைக் காட்டுகிறது என்ற ஒரு வரி, இவ்வளவு போதும். உங்கள் சொந்தக் கட்டுரையின் கண்டுபிடிப்பு சேராமல் இருந்தாலும் இதே வழிதான். கட்டுரை எழுதும்போதே புரதத்தின் உயிரினத்தையும் நிலையான எண்ணையும் செய்முறைப் பகுதியில் குறிப்பிட்டிருந்தால் அனோட்டேஷன் எழுதுகிறவர்களின் வேலை பாதியாகக் குறையும். மனிதப் புரதமா சுண்டெலிப் புரதமா என்று தெளிவாக எழுதாத கட்டுரையிலிருந்து அவர்களால் ஒரு வரிகூடப் பதிய முடியாது.